அட்டை கையில் இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே?

  

ஆற்றில் தண்ணீர் வருமா, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு பிடுங்குவான், யூரியா கேட்டால் கூடவே எதைத் தலையில் கட்டுவான் என்று நாம் எத்தனையோ துண்டறிக்கை போட்டிருக்கிறோம். மறியல் செய்து, கைதாகி, சாயங்காலம் வரைக்கும் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தத் தடவை ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறோம். "விவசாயிகள் சங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னய்யா சம்பந்தம்? இது வேளாண்மைக் குறைதீர்க்கும் நாள்" என்று கூட்டத்திலேயே ஒரு அதிகாரி கேட்டார்.

சம்பந்தம் இருக்கிறது ஐயா. நம் பக்கத்தில் பத்து வருஷத்தில் கைமாறிய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பாருங்கள். பொண்ணு கல்யாணத்துக்கு விற்றது இருக்கும். வெள்ளத்தில் நட்டப்பட்டு விற்றது இருக்கும். அதற்கு மேலே, அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், தம்பிக்கு கிட்னி என்று விற்றது எவ்வளவு? அடகுக்கடையில் முங்கிப்போன நகைக்குக் கணக்கே கிடையாது. பயிருக்கு வாங்கிய கடனை அடுத்த போகத்தில் கட்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கையாவது உண்டு. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனுக்கு எந்தப் போகம் விளையும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். 2025 செப்டம்பரில் ஆரம்பித்த கொள்முதல் பருவத்துக்கு, சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதாவது 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைச் சேர்த்து இரண்டு லட்சம் பில் வந்தால் அது 200 மூட்டை நெல். மூன்று ஏக்கர் நாலு ஏக்கர் வைத்திருக்கிற நம்மைப் போன்றவனுக்கு ஒரு போகத்தின் மொத்த மகசூல். உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், அறுவடை மிஷின் வாடகை எதையும் கழிக்காமல் சொல்கிறோம். ஒருத்தர் ஒரு வாரம் படுத்து எழுந்தால் ஒரு போகம் முழுசாகப் போய்விட்டது. குத்தகைக்காரன் கதி என்ன, கூலி வேலைக்குப் போகிறவன் கதி என்ன என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இது நாங்கள் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2017-18ல் நாடு பூராவும் வீடு வீடாகக் கேட்டு எழுதியது. கிராமத்து ஆள் ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் ஆன மருத்துவச் செலவு சராசரியாக 4,290 ரூபாய். அதே ஆள் தனியாருக்குப் போனால் 27,347 ரூபாய். பிரசவத்தைச் சேர்க்காத கணக்கு இது. ஆறு மடங்குக்கு மேல்! அந்தக் காலத்து விலைவாசியில்!

இன்னொரு கணக்கும் அரசே வெளியிடுகிறது. நாட்டில் வைத்தியத்துக்கு ஆகிற மொத்தச் செலவில், 2013-14ல் நூற்றுக்கு 64 ரூபாய் ஜனங்கள் சட்டைப் பையிலிருந்து போனது. 2021-22ல் அது 39 ஆகக் குறைந்தது. குறைந்தது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அது கொரோனாவுக்காக அரசு கூடுதலாகச் செலவு செய்த காலம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து வைத்தியத்துக்குச் செலவழித்தது அந்த வருஷம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017ல் தேசிய சுகாதாரக் கொள்கை என்று ஒன்று போட்டு, 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று எழுதி வைத்தார்கள். 2025 வந்தது, போனது. 2.5 வரவில்லை. ஏரியைத் தூர்வாருகிறோம் என்று போர்டு வைத்துவிட்டுப் போகிற மாதிரிதான் இதுவும்.

கேட்டால், "அதான் காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கோமே" என்கிறார்கள். சரி, அட்டையைப் பேசுவோம்.

ஆந்திராவில் 2007ல் ஆரோக்கியஸ்ரீ என்று ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018ல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத். இங்கே மாநிலத் திட்டமும் மத்தியத் திட்டமும் சேர்ந்தே நடக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் என்கிறார்கள். ஆட்சி மாறினால் அட்டையில் படம் மாறும், அவ்வளவுதான். இந்த அட்டையால் உயிர் பிழைத்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். இருதய ஆபரேஷன் செய்துகொண்டு வந்து இன்றைக்கு வயலில் மடை திருப்புகிறார்கள். அதை மறைக்க மாட்டோம். அட்டையைக் கிழித்துப் போடுங்கள் என்று இந்தச் சங்கம் சொல்லவில்லை. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் அட்டை எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வரிப்பணத்தை எடுத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு பிரீமியம் கட்டுகிறது. ("விவசாயி எங்கே வரி கட்டுறான்?" என்று கேட்பவர்களுக்கு: டீசலில் கட்டுகிறோம், பூச்சி மருந்தில் கட்டுகிறோம், சோப்பில் கட்டுகிறோம், செல்போன் ரீசார்ஜில் கட்டுகிறோம்.) நடுவில் ஃபைல் பார்க்க ஒரு ஏஜென்சி. நோயாளி போய்ப் படுத்த பிறகு ஆஸ்பத்திரிக்காரர் கம்ப்யூட்டரில் முன் அனுமதி கேட்பார். நோய் பட்டியலில் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அரசு ஆஸ்பத்திரிகளும் இதில் இருக்கின்றன, அவற்றுக்கும் பணம் வருகிறது. ஆரம்ப வருஷங்களில் பெரும்பங்கு தனியாருக்குத்தான் போனது. எந்த ஆபரேஷனுக்கு நல்ல தொகை இருக்கிறதோ அதைத் தனியார் எடுத்துக்கொள்வார். தொகை கட்டாத கேஸ், சிக்கலான கேஸ், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று வாசலோடு திரும்பும்.

அட்டை எதற்கு இல்லை என்பதையும் பாருங்கள். தினம் போடுகிற சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, குழந்தைக்குக் காய்ச்சல், மூட்டுவலிக்கு டாக்டர் பீஸ், ஆளை ஏற்றிப்போகிற கார் வாடகை, கூட இருக்கிறவர் சாப்பாடு, போட்டது போட்டபடி விட்டுப்போன வேலைக்குக் கூலி. ஜனங்களின் காசைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது இதெல்லாம்தான், இதற்கெல்லாம் அட்டை கிடையாது. போதாததற்கு, "இந்த மருந்து அட்டையில வராது, வெளிய மெடிக்கல்ல வாங்கிட்டு வாங்க", "முதல்ல அட்வான்ஸ் கட்டிடுங்க, அனுமதி வந்ததும் பார்த்துக்கலாம்" என்று வாங்கியவர்களும் உண்டு. நம் உறுப்பினர்கள் சிலரே கட்டிவிட்டு ரசீதும் இல்லாமல் வந்திருக்கிறார்கள்.

மத்தியத் தணிக்கை அதிகாரி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஆயுஷ்மான் பாரத் பற்றி ஒரு அறிக்கை வைத்தார். 9999999999 என்ற ஒரே செல் நம்பரில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர் பதிவு ஆகியிருக்கிறது. ஏற்கெனவே செத்துப்போனதாகக் கம்ப்யூட்டரில் பதிவான 3,446 பேருக்கு மறுபடியும் வைத்தியம் பார்த்ததாக 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருக்கிறது. நாம் நாலு மூட்டை நெல் போடப் போனால் சிட்டா, அடங்கல், ஆதார், கைரேகை, போதாக்குறைக்கு விஏஓ கையெழுத்து! செத்தவனுக்கு வைத்தியம் பார்க்க ஒரு கேள்வியும் இல்லை.

பில் தொகை என்பது வைத்தியத்தின் அடக்கவிலை என்றும் நினைத்துவிடாதீர்கள். இருதயத்தில் வைக்கிற ஸ்டென்ட் இருக்கிறதே, மருந்து தடவிய ரகம், ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. சாதா ரகத்துக்கு 7,260. ராத்திரியோடு ராத்திரியாக விலை இறங்கியது. யாரும் ஸ்டென்ட் வைப்பதை நிறுத்திவிடவில்லை. அதுவரைக்கும் அந்த வித்தியாசத்தைத் தின்றது யார்? ஆணையமே எழுதியது, பெரிய லாபம் ஆஸ்பத்திரி மட்டத்தில்தான் என்று.

இப்போது நம் வயலுக்கு வருவோம். பாம்புக்கடி.

இந்தியாவில் 2000லிருந்து 2019 வரைக்கும் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமம். பெரும்பாலும் மழைக்காலம். அதாவது நாமும் நம் பெண்டு பிள்ளைகளும். தண்ணீர் கட்டப் போகிற நேரத்தில் கண்ணாடி விரியன். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது கட்டுவிரியன். அது கடித்தால் வலியே பெரிசாகத் தெரியாது, விடிகிற நேரத்தில் கண் இமை தொங்கும், அப்புறம் மூச்சு நிற்கும். இதற்கு மருந்து இருக்கிறது. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் வேறு யாரும் அல்ல, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்து ஜனங்கள். அவர்கள் எடுக்கிற நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் நாடு பூராவும் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அந்த மருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு நம் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் கிடைக்க வேண்டும். அதைக் குளுக்கோஸில் ஏற்ற ஒரு டாக்டர், பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஒரு நர்சம்மா, மூச்சு நின்றால் ஓட்ட ஒரு மிஷின், மிஷினை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். இதில் அட்டை என்ன செய்யும்? அஞ்சு லட்சம் என்று அச்சடித்த அட்டையை எடுத்துக் கடிவாயில் தேய்க்கவா முடியும்?

நம் தாலுகா ஆஸ்பத்திரியில் பகலில் சீட்டு வாங்க வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. சாயங்காலம் ஆனால் ஒரே ஒரு டாக்டர். மயக்க டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருகிறார், மீதி நாள் வேறு ஆஸ்பத்திரி டூட்டி. எக்ஸ்ரே மிஷின் இருக்கிறது, எடுக்கிறவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அதனால் ராத்திரி யார் போனாலும் 108ஐக் கூப்பிட்டு மேலே அனுப்பிவிடுகிறார்கள். 2008ல் வந்த 108 நல்ல திட்டம், அந்த டிரைவர்களையும் உதவியாளர்களையும் கும்பிட வேண்டும். ஆனாலும் வண்டி போய்ச் சேருகிற இடம் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வண்டியிலேயே உயிர் போகாதா? அங்கே இருக்கிற டாக்டர்கள் மேலும் நர்ஸ்கள் மேலும் நமக்குக் கோபம் இல்லை. மூணு பேர் வேலையை ஒருத்தர் பார்க்கிறார். அவரிடம் சண்டை போடுவது, தண்ணீர் வராததற்கு லஸ்கரை அடிக்கப் போவது மாதிரி.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1943ல், ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1946ல் அறிக்கை கொடுத்தது. காசு இல்லை என்பதற்காக ஒருத்தருக்கும் வைத்தியம் மறுக்கக் கூடாது என்று அந்தக் குழு எழுதியது. முதல் கட்டத்தில் 40,000 ஜனத்தொகைக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். நாள் போக்கில், 10,000த்திலிருந்து 20,000 பேருக்கு ஒரு நிலையம், அதில் 75 படுக்கை! 75 படுக்கை என்றால் இன்றைக்குப் பல தாலுகா ஆஸ்பத்திரி அளவு. அதை நாலைந்து பஞ்சாயத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1952லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்ட ஆரம்பித்தார்கள். இன்றைய விதி 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000. அதற்கு மேலே 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம். கட்டடம் பல இடத்தில் வந்துவிட்டது. கட்டடம் ஊசி போடாது.

"பணம் எங்கேய்யா இருக்கு, அதெல்லாம் பணக்கார நாட்டில் நடக்கும்" என்பார்கள். அந்தப் பணக்கார நாடு ஒன்றில் அது எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது என்று சொல்கிறோம், கேளுங்கள்.

கனடா என்றால் நமக்கு ஈழத்துச் சொந்தங்கள் போய்ச் சேர்ந்த நாடு என்று தெரியும். அங்கே சஸ்காட்சுவான் என்று ஒரு மாநிலம். தமிழ்நாட்டைப் போல அஞ்சு மடங்கு பரப்பு. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கோதுமை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் மைல் கணக்கில் தூரம். பனிக்காலத்தில் வெளியே தலை காட்ட முடியாது. அப்படிப்பட்ட ஊரில் எந்த டாக்டர் தங்குவான்? முதல் உலகப் போர் ஆரம்பித்த சமயம், சார்னியா என்கிற கிராமப் பஞ்சாயத்தில் இருந்த டாக்டர் கிளம்பப் பார்த்தார். விவசாயிகள் கூடிப் பேசி, நம் ஊர் வரியிலிருந்தே அவருக்கு வருஷம் 1,500 டாலர் கொடுத்து நிறுத்தி வைத்தார்கள். ஊருக்கு வாத்தியார் வைப்பது போல ஊருக்கு டாக்டர்! சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதனால் 1916ல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அதே வருஷம், பல பஞ்சாயத்துகள் கூட்டுச் சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டிக்கொள்ளவும் சட்டம் வந்தது. நாலு ஊர் சேர்ந்து ஏரி மராமத்து செய்கிற மாதிரிதான்.

1930களில் அங்கே பெரும் வறட்சி. மண் காற்றோடு பறந்தது. கோதுமை விலை அடிமாட்டு விலைக்குப் போனது. டாக்டருக்குக் கோழியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். அந்த அடிபட்ட விவசாயிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து வளர்த்த கட்சி 1944ல் ஆட்சிக்கு வந்தது. முதலமைச்சர் டாமி டக்ளஸ், ஒரு பாதிரியார். சின்ன வயசில் கால் எலும்பில் சீழ் வைத்து, காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் காசில்லை. ஒரு பெரிய டாக்டர், மாணவர்களுக்குப் பாடம் காட்டுகிற கேஸாக எடுத்துக்கொண்டு இலவசமாக ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார். ஏழைப் பிள்ளையின் கால் ஒருத்தருடைய தயவில் நிற்கக் கூடாது என்று அந்த மனுஷர் சாகிற வரைக்கும் பேசினார்.

1947 ஜனவரி 1ல் அந்த மாநிலம் பூராவும் ஆஸ்பத்திரித் திட்டம் வந்தது. ஆளுக்கு வருஷம் 5 டாலர், குடும்பத்துக்கு எவ்வளவு பேர் இருந்தாலும் 30 டாலருக்கு மேல் இல்லை, மீதி அரசாங்கப் பணம். ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் கிடையாது. அப்போது அது கடன்பட்ட மாநிலம், பணக்கார மாநிலம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினஞ்சு வருஷம் கழித்து, 1962 ஜூலை 1ல், டாக்டர் பீஸும் அரசே கொடுக்கும் என்று சட்டம் அமலுக்கு வந்தது. அன்றைக்கே மாநிலத்து டாக்டர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தம்! 23 நாள். மாநிலத்துப் பத்திரிகைகள் பெரும்பாலும் அவர்கள் பக்கம். "அரசாங்கம் உங்கள் டாக்டரை விரட்டுகிறது" என்று ஊர் ஊராகக் கமிட்டி போட்டார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? கூட்டுறவு முறையில் தாங்களே கிளினிக் ஆரம்பித்தார்கள். இங்கிலாந்திலிருந்து டாக்டர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். தலைநகர் ரெஜினாவில் ஜூலை 11 அன்று திட்டத்துக்கு எதிராகப் பிரம்மாண்டப் பேரணி என்றார்கள். பல ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் சில ஆயிரம்தான் வந்தது. ஜூலை 23ல் ஒப்பந்தம். டாக்டர்களும் சில விஷயம் கேட்டு வாங்கினார்கள், திட்டம் நின்றது. 1966ல் கனடா நாடு முழுமைக்கும் சட்டம் ஆனது, 1972க்குள் எல்லா மாநிலமும் சேர்ந்துவிட்டது. 1984 சட்டத்தில் நோயாளியிடம் தனியாக வசூலிப்பதற்கும் கடிவாளம் போட்டார்கள்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. மூட்டு ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, வெளியே வாங்கும் மருந்துக்குக் காசு ஆகிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்காகக் காட்டை விற்றேன் என்று அங்கே ஒரு கோதுமை விவசாயி சொல்ல வேண்டியதில்லை. 2004ல் கனடாவின் தலைசிறந்த மனிதர் யார் என்று தொலைக்காட்சியில் ஓட்டெடுப்பு வைத்தபோது ஜனங்கள் தேர்ந்தெடுத்தது டாமி டக்ளஸைத்தான்.

ஆசியாவில் உதாரணம் வேண்டுமா? தாய்லாந்து. நம்மைப் போல நெல் விளைகிற நாடு. 1980களில் டவுன் ஆஸ்பத்திரி விரிவாக்கத்தை நிறுத்தி வைத்துவிட்டு அந்தப் பணத்தை மாவட்ட, கிராம ஆஸ்பத்திரிகளில் போட்டார்கள். ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டுத்தான் 2002ல் நாடு முழுக்க 30 பாட் திட்டம் கொண்டுவந்தார்கள், ஒரு தடவைக்கு 30 பாட் கட்டினால் போதும் என்று. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் அட்டை.

நம் தமிழ்நாடும் இதில் சும்மா இருந்த மாநிலம் இல்லை. அதை நாம் சொல்லாமல் யார் சொல்வார்கள்? 1994ல் மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்து, எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கிய பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்கும் என்ற நிலைமை வந்தது. கேரளா, ராஜஸ்தான் எல்லாம் பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்தன. பிரசவத்தில் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலம் இது. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. கிராமத்துக்கு டாக்டர் வந்ததற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் மேல்படிப்பில் பாதி இடம் அவர்களுக்கு என்று தமிழ்நாடு ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஆசையில் இளம் டாக்டர்கள் கிராமத்துக்கு வந்தார்கள். படித்து முடித்து மயக்க டாக்டராக, ஆபரேஷன் டாக்டராக அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பினார்கள். 2017ல் டெல்லி விதியைக் காட்டி அது நின்றது. அரசு டாக்டர்கள் சங்கம் வழக்குப் போட்டு, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு மாநிலங்களின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அவர்களும் நம்மைப் போலப் போராடித்தான் வாங்கினார்கள்.

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். நம் தாலுகா ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ், எக்ஸ்ரே, லேப் பணியிடம் ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும். ராத்திரி ரெண்டு டாக்டர் இருக்க வேண்டும், மயக்க டாக்டர் தினமும் இருக்க வேண்டும். பாம்புக்கடி மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும், எத்தனை குப்பி இருப்பு என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். கடைகளில் உர இருப்பு எழுதுகிற மாதிரி எழுதட்டுமே! டயாலிசிஸ் தாலுகாவிலேயே நடக்க வேண்டும். காப்பீட்டு பிரீமியமாகப் போகிற பணத்துக்கு ஒரு கணக்கு, அதில் நம் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு, தனியாருக்குப் போனது எவ்வளவு என்று ஆட்சியர் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம்.

இதற்கு வேலை நம் கையிலும் இருக்கிறது. 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி, "அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி" என்று மூணே கேள்வி கேட்டு ஒவ்வொரு கிளையும் ஒரு மனு போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீசில் எழுதித் தருவோம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் தெருவிளக்கோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரித் தீர்மானமும் போட வையுங்கள். பெண்கள் முன்னால் நின்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் அதிகம் காத்துக் கிடப்பது நீங்கள்தான், உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தாலுகா ஆஸ்பத்திரி முன்பாகக் கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டம். நோயாளிகள் போகிற வழியை அடைக்கக் கூடாது. மைக் செட் கிடையாது, உள்ளே ஆட்கள் படுத்திருப்பார்கள். கொடியும் தட்டியும் போதும். ஆர்ப்பாட்டம் முடிந்து ஊர்வலமாகத் தாலுகா ஆபீஸ் போய் மனுக் கொடுக்கிறோம். நடவு வேலை இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஒருத்தராவது வாருங்கள். வருகிறவர்கள் காப்பீட்டு அட்டை ஜெராக்ஸ், டிஸ்சார்ஜ் சீட்டு, வெளியே மருந்து வாங்கிய பில், அடகுக்கடை ரசீது எது இருக்கிறதோ அதைக் கையோடு கொண்டு வாருங்கள். அதையெல்லாம் ஒன்றாகத் தைத்து மனுவோடு இணைக்கிறோம். பெயர் வெளியே வர வேண்டாம் என்பவர்கள் மேலே பெயரை அடித்துவிட்டுக் கொடுங்கள், தொகை மட்டும் தெரிந்தால் போதும்.